சிவப்புப் பென்சில் கோட்டுக்குள்

மாவட்ட நிர்வாகக் கச்சேரியின் மொழிபெயர்ப்பாளர் சிவகுருநாதனை ஓர் ஆங்கிலச் சொல் இரண்டு நாளாகப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. சோன். கடற்படையிலிருந்து வந்த கடிதத்தில் அது பதினொரு இடத்தில் கிடந்தது. திருகோணமலை உள்துறைமுகத்தின் தென்கரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் உள்ள நிலம் இனிமேல் ஒரு சோன். 1942 ஜூலை முப்பத்தோராந் திகதி மாலைக்குள் அதில் குடியிருப்போர் வெளியேற வேண்டும். அதன் பிறகு உள்ளே காணப்படுபவர் கைதாவார். இதைத் தமிழில் எழுதுவதோடு, நேரே போய் அந்தச் சனங்களுக்கு வாசித்துக் காட்டுவதும் அவர் பொறுப்பு.

எல்லை என்று எழுதிப் பார்த்தார். எல்லை என்பது கோடு. இவர்கள் கேட்பது கோட்டுக்கு உள்ளே இருக்கிற முழுவதையும். பற்று என்று எழுதலாமா என்று யோசித்தார். கட்டுக்குளம் பற்று, கொட்டியாரப் பற்று என்று மாவட்டத்தையே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பற்று என்றால் அதற்குள் ஆட்கள் இருப்பார்கள், குளம் இருக்கும், விதானையார் இருப்பார், கோயிலோ பள்ளிவாசலோ இருக்கும். ஆட்களை வெளியேற்றிவிட்டு மிச்சம் பிடிக்கிற நிலத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. கடைசியில் பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரப் புத்தகம் நினைவுக்கு வந்தது. உஷ்ண வலயம், சீத வலயம். வலயம் என்று எழுதி மை ஒற்றினார்.

ஏப்ரலில் யப்பான்காரன் குண்டு போட்ட பிறகு பட்டினத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அவருடைய மனைவி நல்லம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் பருத்தித்துறையில் அவளுடைய தமக்கை வீட்டில் இருந்தார்கள். அவர் தானே சோறு வடித்து, தானே சம்பல் இடித்து, கருகினதையும் தானே தின்று, நாற்பத்தாறாவது வயதில் குசினி என்றால் என்னவென்று அறிந்துகொண்டிருந்தார்.

எல்லையைச் சரிபார்க்கக் கடற்படை அலுவலகத்துக்குப் போனபோது, அங்கே லெப்டினன்ட் பெல்லமி மேசை நிறைய ஒரு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். யுத்தத்துக்கு முன் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கிரேக்கம் படிப்பித்தவர். மெலிந்த மனிதர், வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது.

“எங்கள் சொல்லுக்கு உங்கள் மொழியில் என்ன போட்டீர்கள்?” என்று கேட்டார்.

“வலயம், சேர். சுற்றி வளைத்து நிற்பது என்று பொருள்.”

பெல்லமியின் முகம் மலர்ந்தது. நாலு மாதமாக அவரிடம் ஒருவரும் இப்படி ஒரு பேச்சு எடுக்கவில்லை போலும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினார். அது இங்கிலீசுச் சொல்லே அல்ல. லத்தீன் வழியாக வந்த கிரேக்கச் சொல். ஆதியில் இடுப்புப் பட்டி என்றுதான் அர்த்தம். கன்னிப் பெண் அதைக் கட்டியிருப்பாள், கலியாணத்தன்று அவிழ்ப்பாள். போர்வீரனும் கட்டுவான். பிறகு வானத்தையும் பூமியையும் அளக்க வந்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்துப் பூமிக்கு ஐந்து பட்டி கட்டினார்கள்: இரண்டு ஓரத்திலும் உறைகிற பட்டி, அதற்கு உள்ளே மனிதர் வாழத்தக்க பட்டி இரண்டு, நட்டநடுவில் எரிகிற பட்டி ஒன்று.

“நடுப் பட்டியில் மனிதன் வாழவே முடியாது என்று எழுதி வைத்தார்கள், மிஸ்டர் சிவகுருநாதன். நாங்கள் இருவரும் இப்போது அதற்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறோம்.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “பகல் இரண்டு மணிக்கு அவர்கள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.”

சிவகுருநாதன் சிரித்துவிட்டு, படத்தில் சிவப்புப் பென்சில் கோடு ஓடிய இடத்தைப் பார்த்தார். கடல் முழுக்க ஆழத்தைக் காட்டும் இலக்கங்கள் எறும்பு மாதிரி மொய்த்துக் கிடந்தன. கரையில் ஒன்றுமில்லை. பற்றைக்காடு என்று ஒரு சொல் மட்டும்.

“இந்த இடத்தில் இருபத்திரண்டு வீடு இருக்கிறது, சேர். நாவலடிக்குடா என்று பெயர்.”

பெல்லமி குனிந்து பார்த்தார். “இது கப்பலில் வந்தவர்கள் வரைந்த படம். கப்பல் தரை தட்டாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள்” என்றார். சிவப்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

நாவலடிக்குடாவுக்கு வள்ளத்தில்தான் போக வேண்டும். வள்ளம் வலித்தவர் ஜமால்தீன், அந்த ஊர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் எல்லாரும் முஸ்லிம்கள். மீன்பிடியும் துறைமுகத்தில் கூலி வேலையும்தான் சீவியம். பள்ளிவாசல் முன்னால் ஆண்கள் கூடி நின்றார்கள். சிவகுருநாதன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“வலயமெண்டா என்ன ஐயா? வேலி போடுவாங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“கம்பி வேலி வரும்.”

“கம்பிக்குள்ள ஆடு பூந்திட்டா ஆட்டையும் புடிப்பாங்களா?”

“ஆட்டைப் பற்றிக் கடிதத்தில ஒண்டும் இல்லை.”

“அப்ப ஆடு இரிக்கட்டும். நாம போவம்” என்றார் பின்னால் நின்ற இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். குறிஞ்சாக்கேணியில் சொந்தக்காரர் இருப்பவர்கள் அங்கே போவது, இல்லாதவர்களும் அங்கேதான் போவது என்று முடிவாயிற்று.

திரும்ப வள்ளத்துக்கு வரும்போது ஜமால்தீன் தயங்கி நின்றார். “ஐயா, என்ட தங்கச்சிர ஊட்டுக்கு ஒருக்கா வந்திட்டுப் போங்க. அவட விசயம் கொஞ்சம் வேற.”

அது கடலோரத்துக் கடைசி வீடு. முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் வெள்ளைச் சீலை ஒன்று கூரைக் கம்பிலிருந்து நிலம் வரைக்கும் தொங்கியது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

“நான் ஆமினா உம்மா. உள்ளுக்கு இரிக்கிறது என்ட மகன்ட பொண்டாட்டி ஸாலிஹா. இத்தாவுல இரிக்கிறா. ஒங்களுக்குத் தெரியும்தானே?”

சிவகுருநாதனுக்குத் தெரியும், ஓரளவுக்கு. புருசன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டு வாசல் தாண்டாமல் வெள்ளை உடுத்து இருப்பாள். அன்னிய ஆண் முகம் பார்க்க மாட்டாள். ஸாலிஹாவின் புருசன் லாபிர், கப்பலுக்கு நிலக்கரி ஏற்றுகிற படகில் வேலை செய்தவன். ஏப்ரல் ஒன்பதாந் திகதி காலையில் குண்டு விழுந்தபோது படகோடு போய்விட்டான். படகு தாழ்வதை ஜமால்தீன் கண்ணால் கண்டவர். உடல் கிடைக்கவில்லை.

“எங்கட பள்ளிவாசல் லெப்பை சொல்லிட்டாரு, ஐயா” என்றார் ஜமால்தீன். “உசிருக்கு அச்சமெண்டா வேற ஊட்டுல இருந்தும் இத்தாவ முடிக்கலாமாம். மார்க்கத்துல இடமிரிக்கி. இவதான் கேக்கிறா இல்ல.”

சீலைக்குப் பின்னால் மெல்லிய குரல் ஒன்று ஏதோ சொன்னது. ஆமினா உம்மா சீலையோரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

“மத்தவங்களுக்குக் கபுறு இரிக்கி, போய் நிண்டு ஓதலாம். அவருக்கு இந்த ஊடு மட்டும்தான் இரிக்கி எண்டு சொல்றா. நாள் முடியிறதுக்குள்ள இதையும் உட்டுட்டு எங்க போற எண்டு கேக்கிறா.”

சிவகுருநாதன் சீலையைப் பார்த்தார். அதன் கீழ் ஓரம் காற்றில் ஆடாமல் இருக்க உள்ளிருந்து ஒரு பாயின் விளிம்பை அதன்மேல் இழுத்து வைத்திருந்தார்கள். பதினெட்டு வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு சீலையோடு அவர் கதைத்ததில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டார். ஏப்ரல் ஒன்பது, நாலு மாதம் ஆகஸ்ட் ஒன்பது, பத்து நாள் கூட்டினால் பத்தொன்பது. கெடுவுக்குப் பிறகு இன்னும் பத்தொன்பது நாள்.

“கேட்டுப் பாக்கிறன். தருவினம் எண்டு சொல்ல ஏலாது” என்றார்.

“கேக்கிறதே பெரிய விசயம், ஐயா” என்று ஆமினா உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

பெல்லமி முதலில் மறுத்துவிட்டார். ஒரு வீட்டுக்கு விட்டால் இருபத்திரண்டு வீட்டுக்கும் விட வேண்டும். அந்தக் கரைக்கு எதிரேதான் எண்ணெய்க் கப்பல்களைக் கட்டி நிறுத்தப்போகிறார்கள். மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வது?

“சேர், மற்ற இருபத்தொரு வீட்டுக்காரரும் போகச் சம்மதம். இந்தப் பெண்ணும் சட்டத்தை மீற நினைக்கவில்லை. நீங்கள் இந்தக் கோட்டைப் போடுகிறதுக்கு மூன்று மாதம் முன்னாலேயே அவளைச் சுற்றி ஒரு கோடு விழுந்துவிட்டது. அதற்குள்ளிருந்து நாள் முடியும்வரை வெளியே வர மாட்டாள். அவ்வளவுதான்.”

“அந்தக் கோட்டுக்குக் காவல் யார்?”

“ஒருவரும் இல்லை, சேர்.”

பெல்லமி பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். “கணவன் எங்கே வேலை செய்தவன்?”

“உங்கள் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றினவன். பெயர் லாபிர்.”

பெயரை ஒரு தரம் தானும் சொல்லிப் பார்த்தார் பெல்லமி. பிறகு தட்டச்சுக்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பெண்கள், ஆகஸ்ட் பத்தொன்பதாந் திகதி மாலை வரை. கடல் பக்கம் விளக்கு வெளிச்சம் தெரியக் கூடாது. வீட்டு வளவை விட்டு வெளியே வரக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் ஐந்து நாளைக்கு ஒரு தரம் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும். கையெழுத்து வைத்துவிட்டு, “பட்டிக்குள்ளே ஒரு பட்டி. இதற்குக் கிரேக்கனிடமும் சொல் இருக்காது” என்றார்.

ஜூலை முடிவில் நாவலடிக்குடா காலியாயிற்று. கூரைக் கிடுகு, கதவு, நிலை, கோழிக்கூடு எல்லாம் வள்ளத்தில் ஏறிப் போயின. ஆடுகளும் போய்விட்டன. ஆகஸ்ட் ஐந்தாந் திகதி சிவகுருநாதன் அரிசியும் உப்பும் கொண்டுபோனபோது, எலும்புக்கூடாய் நின்ற இருபத்தொரு வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு குசினியில் மட்டும் புகை எழுந்துகொண்டிருந்தது.

“மனிசிய எப்பக் கூட்டி வரப்போறீங்க?” என்று ஆமினா உம்மா கேட்டார்.

“குண்டு பயம் நீங்கட்டும் எண்டு பாக்கிறன், உம்மா.”

“ஒங்கட கருகின சட்டைக் கையப் பாத்தா குண்ட விட அடுப்புத்தான் ஒங்களக் கொல்லும் போல கிடக்கு.”

சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே நின்றது. ஆமினா உம்மா சட்டென்று சீலைப் பக்கம் திரும்பினார். நாலு மாதத்தில் அந்தச் சத்தத்தை அவர் அன்றுதான் கேட்டிருக்க வேண்டும். அடுப்புப் புகையைச் சாட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினைந்தாந் திகதி காலை வந்தபோது முன்னறையில் சீலை இல்லை. உள்ளறை திறந்து கிடந்தது. பாய் சுருட்டிச் சுவரில் சாத்தியிருந்தது. கடற்படை வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டதோ? பின்பக்கம் ஓடினார். கொடியில் தோய்த்துப் போட்ட வெள்ளைச் சீலை காய்ந்துகொண்டிருந்தது. ஆமினா உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கை உம்மா மகள்?”

“கடலடியில. இண்டைக்குச் சுபஹுத் தொழுகையோட இத்தா முடிஞ்சிச்சி. குளிச்சி, ஓதி, இப்பத்தான் வெளியில எறங்கினா.”

“முடிஞ்சுதா? இன்னும் நாலு நாள் கிடக்குதே!”

ஆமினா உம்மா கத்தியை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். “பிறைக் கணக்கு, தம்பி! எங்கட மாசத்த மேல பாத்து எண்ணுறது. நீங்க சொவரப் பாத்து எண்ணிட்டீங்க.”

சிவகுருநாதன் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரு முஸ்லிம் பியூன் முதல் மூதூர்க் கடைக்காரர்வரை கேட்டால் சொல்லியிருக்கக்கூடிய விசயம். கச்சேரிச் சுவர்க் கலண்டரில் விரல் வைத்து எண்ணி, இங்கிலீசில் எழுதி, கையெழுத்தும் வாங்கியாயிற்று. அனுமதிக்குக் காரணம் இன்று விடியலோடு தீர்ந்தது. நியாயப்படி இன்றைக்கே இரண்டு பேரையும் வள்ளத்தில் ஏற்றி, அலுவலகத்துக்குப் போய்ப் பிழையைச் சொல்ல வேண்டும். போதாததற்கு, வளவு தாண்டக் கூடாது என்ற நிபந்தனையையும் அவள் தாண்டிவிட்டாள்.

கடலடிக்குப் போனார். ஸாலிஹா முழங்கால் தண்ணீரில் நின்றாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். காலடி கேட்டுத் திரும்பி, முக்காட்டை இழுத்துவிட்டு, கரைக்கு ஏறினாள்.

“ஐயா, கோவிச்சிக்காதீங்க. நாலு மாசமா அலைட சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தன். அவர்ட படகு எந்த இடத்துல தாழ்ந்த எண்டு இண்டைக்குத்தான் பாத்தன். எங்கட ஜமால்தீன் காக்கா அடையாளம் சொல்லித் தந்த.” உள்துறைமுகத்தின் நடுவே நின்ற ஒரு மிதவையைக் கை நீட்டிக் காட்டினாள். “அதுக்கு இங்கால.”

“உங்களுக்கு முடிஞ்சுது எண்டு உம்மா சொன்னவ.”

“ஓம். ஐயா இப்பவே ஏறு எண்டா ஏறிடுவன். கடமைய முடிச்சிட்டன்.” மிதவையைத் திரும்பிப் பார்த்தாள். “அந்த நாலு மாசமும் பத்து நாளும் மார்க்கத்துக்கு இருந்தது. அவருக்கெண்டு நான் இன்னும் ஒரு நாளும் இருக்கல்ல.”

தண்ணீர் அவளுடைய வெள்ளைப் புடவையின் கரையிலிருந்து மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. சிவகுருநாதன் சட்டைப்பையிலிருந்து கடதாசியை எடுத்து, தெரியாதவர் மாதிரி வாசித்தார்.

“இதில பத்தொன்பதாந் திகதி எண்டுதான் கிடக்குது.”

“அது பிழைதானே, ஐயா. இண்டைக்கே முடிஞ்சிச்சே.”

“பிழைதான். ஆனா கையெழுத்து வைச்சாச்சு. கையெழுத்து வைச்ச பிழையைத் திருத்த எங்கட கச்சேரியில நாலு நாளாவது எடுக்கும்.”

அடுத்த மூன்று நாளும் அவர் கச்சேரியில் ஒப்பம் போட்டுவிட்டு, கோப்புக் கட்டோடு நாவலடிக்குடாவுக்கு வந்தார். கரையில் தெரியும்படி ஒரு நாவல் மரத்தடியில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினார். கடற்படையின் ரோந்துப் படகான லாஞ்சிலிருந்து பார்ப்பவர்களுக்கு, கோட் போட்ட ஒருவர் உத்தியோகம் பார்ப்பது தெரியும். அவருக்குப் பின்னால் கரையில் நடக்கிற பெண் அந்த உத்தியோகத்தின் ஏதோ ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்ததும் இன்னொரு வலயத்தின் அறிவித்தல்தான். ஆமினா உம்மா மத்தியானம் மீன் குழம்போடு சோறு கொண்டுவந்து வைத்து, “சாப்பிட்டு எழுதுங்க தம்பி. உத்தரவு ஒண்டும் ஆறிப் போகாது” என்றார்.

ஸாலிஹா என்ன செய்தாள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சில நேரம் நடந்தாள் போலிருந்தது. சில நேரம் கதைக்கிற சத்தம் கேட்டது. ஒரு தரம் சண்டை பிடிக்கிற மாதிரி, ஏன் அன்றைக்கு வேலைக்குப் போனாய் என்று கேட்கிற மாதிரி. பிறகு வெகுநேரம் அழுகை. கடைசி நாள் அழுகை இல்லை. யாருக்கோ ஊர்ப் புதினம் சொல்வதுபோல நிதானமாகக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பதாந் திகதி பின்னேரம் ஜமால்தீன் வீட்டைப் பிரித்து முடித்தார். கதவைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி ஆமினா உம்மா அவரைப் படாதபாடு படுத்தினார். கதவு, நிலை, கிடுகு, பாய், சட்டி பானை, இரண்டு பெண்கள், சிவகுருநாதன்; வள்ளம் விளிம்புவரை தாழ்ந்தது.

“காக்கா” என்றாள் ஸாலிஹா. “அந்த மிதவையடியால ஒருக்காப் போவமா?”

ஜமால்தீன் துடுப்பை நிறுத்தினார். “அது கப்பல் கட்டி நிக்கிற தண்ணி, புள்ள. அங்கால யாரும் போக ஏலா.” சிவகுருநாதனைப் பார்த்தார். “ஐயாட கடதாசி தரைக்கு மட்டும்தானே?”

“தெரியும். நான்தானே மொழிபெயர்த்தனான்.” அவர் மிதவையைப் பார்த்தார், பிறகு சூரியனைப் பார்த்தார். பொழுதுபட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. “வலியுங்கோ.”

மிதவைக்கு இந்தப் பக்கம், தண்ணீர் கறுத்துக் கிடந்த இடத்தில், ஜமால்தீன் வள்ளத்தை நிறுத்தினார். ஸாலிஹா கைகளை ஏந்தினாள். ஆமினா உம்மாவும் ஏந்தினார். ஓதத் தொடங்கின கொஞ்ச நேரத்தில் லாஞ்சின் இயந்திரச் சத்தம் கேட்டது. தொலைவில் திரும்பி, அவர்களை நோக்கித்தான் வந்தது. ஆமினா உம்மாவின் குரல் தடுமாறி வேகமெடுத்தது.

சிவகுருநாதன் கதவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். போட்டிருந்த கோட்டை இழுத்துச் சரிசெய்தார். சட்டைப்பையிலிருந்து கடதாசியை எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்.

“அவசரப்படாதேங்கோ, உம்மா. நீங்கள் ஆறுதலா ஓதி முடியுங்கோ” என்றார், லாஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமலே. “அவையளோட நான் கதைக்கிறன்.”